காப்பை அவிழ்க்கச் சொன்ன அம்மன்

அம்மன் என் உயிரைக் காப்பாற்றினாள். என் ஊர் என்னைச் சாகவிடப் பார்த்தது. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் இது சாட்சி. ஒன்றை மட்டும் எழுதச் சொன்னால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விழா மலர் போடுகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் சொன்னேன். எனக்கு அடிபட்டது ஆண்குறியின் அடிவேரில். அதை 'கீழே', 'அந்த இடத்தில்' என்று மென்று விழுங்கி எழுத மாட்டேன். மென்று விழுங்கியதால்தான் நான் சாகக் கிடந்தேன். கூச்சப்படுகிறவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு உபயதாரர்கள் பெயரைப் படித்துக்கொள்ளலாம்.

என் பெயர் சிங்காரம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் ஊர். சொந்த நிலம் கொஞ்சம் உண்டு. மல்லாட்டையும் (நிலக்கடலை) கேப்பையும் போடுவோம். இதெல்லாம் நடந்தது ஐம்பத்தேழாம் வருஷம் வைகாசி மாசம், திரௌபதி அம்மன் திருவிழாவில்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மற்ற ஊர்களில் அர்ச்சுனன் தபசு அன்றைக்குக் கூத்தாடுகிறவரே தபசு மரம் ஏறுவார். எங்கள் ஊரில் அப்படி இல்லை. ஊர்க்காரன் ஒருவன் கையில் காப்புக் கட்டிக்கொண்டு, விரதம் இருந்து, அவன்தான் அர்ச்சுனனாக ஏற வேண்டும். மரம் என்றால் நெட்டையான பனைமரம். அதை வெட்டி வந்து கோயில் முன்னால் நட்டு, ஏறுவதற்குப் படிக்கட்டைகள் அறைந்து, உச்சியில் சின்னப் பரண் கட்டுவார்கள். காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பெண்சாதி பக்கம் போகக் கூடாது. கோயில் கொட்டகையிலேயே படுக்க வேண்டும். ஒரு வேளைச் சோறு. அந்த வருஷம் நான் கேட்டு வாங்கிக் காப்புக் கட்டினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

தபசுக்கு இரண்டு நாள் முன்னால், மத்தியான வெயிலில், கட்டைகள் பலமாக இருக்கின்றனவா என்று ஏறிப் பார்த்தேன். பாதி மரத்துக்கு மேலே போனதும் வலது காலுக்கு அடியில் இருந்த கட்டை பிடுங்கிக்கொண்டது. கை நழுவியது. சரசரவென்று சறுக்கி, கீழே இருந்த இன்னொரு கட்டைமேல் இரண்டு காலையும் விரித்தபடி வந்து உட்கார்ந்தேன். உடம்பின் மொத்தக் கனமும் அந்த ஒரு கட்டைமேல் இறங்கியது. கண் இருட்டிவிட்டது. எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. இறங்கி நின்றபோது நாலு பேர் சிரித்தார்கள்.

"இன்னா அர்ச்சுனா, குதிரை ஏறிக்கினு வர்றியா?" என்றான் ஒருவன்.

நானும் பல்லைக் காட்டினேன். கால் இடுக்கில் உயிர் போகிறது, நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். ஆண்பிள்ளைக்கு அங்கே அடிபட்டால் சுற்றி நிற்கிறவனுக்குச் சிரிப்பு வரும். அடிபட்டவனும் சேர்ந்து சிரிக்க வேண்டும் என்று எவன் சட்டம் போட்டானோ, அவன் நாசமாய்ப் போகட்டும்.

கொட்டகைக்குள் போய் வேட்டியை விலக்கிப் பார்த்தேன். குறியின் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் நின்றது. நான் மூத்திரம் பெய்யவில்லை. சும்மா நின்றுகொண்டிருந்தேன். துடைத்தேன். மறுபடியும் ஒரு சொட்டு வந்தது. பயந்துபோய் மூத்திரம் பெய்ய உட்கார்ந்தேன். வரவில்லை. முக்கினேன். வலி மண்டைக்கு ஏறியதே தவிர ஒரு துளி வரவில்லை. பொழுது சாய்வதற்குள் குறியும் விதையும் வீங்கின. காலிடுக்கு நாவல் பழத்தைப் பிழிந்து விட்டது மாதிரிக் கறுத்துவிட்டது.

அப்போதே வாயைத் திறந்திருந்தால் வண்டி கட்டியிருக்கலாம் என்று யாராவது சொல்வீர்கள். நான் வாயைத் திறந்தேன். அதில்தான் வந்தது வினை.

நாட்டாண்மை வீராசாமியிடம்தான் சொன்னேன். கோயில் நிர்வாகம் அவர் கையில். காப்புக் கட்டினவன் எதுவானாலும் அவரிடம்தான் சொல்ல வேண்டும். அவர் ஒரு பார்வை பார்த்தார். பிறகு வேட்டியில் இருந்த ரத்தக் கறையைப் பார்த்தார்.

"டேய் சிங்காரம், நெசத்தச் சொல்லு. ஊட்டுக்குப் போனியா?"

"இல்லீங்க."

"பொண்டாட்டிகிட்ட போகாம அங்கேர்ந்து எப்படிடா ரத்தம் வரும்?"

"மரத்துலேர்ந்து சறுக்கி வுழுந்துட்டேங்க. நாலு பேரு பாத்தாங்க."

"எத்தினியோ வருசமா எத்தினியோ பேரு மரம் ஏறிக்கினு இருக்காங்க. உனக்கு மட்டும் ஏன்டா அங்க போயி அடிபட்டுது? ஆத்தா எங்க அடிக்கணுமோ அங்க அடிச்சிருக்கா."

படிக்கிறவர்களே, இந்தப் பேச்சைக் கவனியுங்கள். கட்டை ஆணி பிடுங்கிக்கொண்டது. மரத்துக்குக் கட்டை அறைந்தவர்கள் இவருடைய ஆட்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடிபட்டவன் குறியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அவனிடம் விரதத்துக்குக் கணக்குக் கேட்கிறார். அம்மன் பெயரைச் சொல்லி மனுஷன் எவ்வளவு அற்பத்தனம் செய்யலாம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஊர் வைத்தியரைக் கூப்பிட்டார்கள். அவர் என் வயிற்றைத் தொட்டார், நாடி பார்த்தார், "விரதச் சூடு. நீர்க்கடுப்புதான்" என்றார். எங்கள் பக்கத்தில் மூத்திரம் நின்றால் உடனே சூடு என்றுதான் சொல்வார்கள். வெயிலில் அலைந்தவனுக்கும் வண்டியோட்டிக்கும் அது சரியாக இருக்கலாம். மரத்திலிருந்து விழுந்தவனுக்கும் அதே மருந்தா? தொப்புளில் விளக்கெண்ணெய் விட்டார்கள். செம்பு செம்பாக மோர் கொடுத்தார்கள். இளநீர் கொடுத்தார்கள். ஊறவைத்த வெந்தயத்தை முழுங்கச் சொல்லி அதன்மேல் நீராகாரம். குடித்தால் தானாகத் திறந்துகொள்ளும் என்றார்கள். நானும் நம்பிக் குடித்தேன். மூத்திரக் குழாய் கிழிந்து வழி அடைத்துக் கிடக்கிறது, மேலே இருந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். போகிற வழி இல்லாமல் அவ்வளவும் அடிவயிற்றில் போய்ச் சேர்ந்தது. அது போதாதென்று வைத்தியர் எண்ணெயைத் தொட்டுக் குறியை உருவி விட்டார். நான் கத்தின கத்து கோயில் மாட்டுக்குக்கூடக் கேட்டிருக்கும். மாடு மிரண்டது. ஊர்க்காரன் ஒருத்தனும் மிரளவில்லை.

"என்னை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க" என்று கெஞ்சினேன்.

"காப்புக் கட்டினவன் எல்லை தாண்டக் கூடாது" என்றார் நாட்டாண்மை. "நீ தாண்டுனா தபசு நின்னுபோவும். தபசு நின்னா ஊருக்கு மழை இல்ல. உன் ஒருத்தனுக்காக ஊரு பட்டினி கெடக்கணுமா?"

இப்படிச் சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

கொட்டகையில் பாயைப் போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். தபசு வரைக்கும் ஆள் வெளியே போகக் கூடாது என்று வாசலில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். அடிவயிறு பானை கவிழ்த்த மாதிரி எழும்பிவிட்டது. தொட்டால் உயிர் போனது. படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. முட்டி போட்டுக் கொட்டகைத் தூணைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். அங்கிருந்து பார்த்தால் கருவறை விளக்கு தெரியும்.

நான் பக்திமான்தான், ஆனால் அழகாக வேண்டிக்கொள்ளத் தெரியாது. அன்றைக்கு நான் அம்மனிடம் சண்டைதான் போட்டேன். "தாயே, நீ அடிச்சன்னு சொல்றாங்க. நான் நம்பல. நீ அப்படிப்பட்டவ இல்ல. சபையில உன் சேலையை உருவறப்போ நீ கத்துன. ஒருத்தனும் எழுந்திரிக்கல. இப்ப நான் கத்திக்கினு இருக்கேன். ஒருத்தனும் எழுந்திரிக்க மாட்டேன்றான். உனக்கு வந்த உதவி எனக்கும் வரணும். வழியத் தெற, இல்லன்னா உயிர எடுத்துக்கோ. எதுவானாலும் ஜல்தியா செய்." இதுதான் என் பிரார்த்தனை. இதில் ஒரு வார்த்தையையும் நான் அலங்காரம் செய்யவில்லை.

விடிந்ததும் பூசை மணி அடித்தது. காப்புக் கட்டினவனின் பெண்சாதி கோயில் பக்கம் வரக் கூடாது. ஆனால் என் பெண்சாதி அஞ்சலை வந்தாள். அவள் தம்பி ஏழுமலைதான் போய்ச் சொல்லியிருக்கிறான். மற்றப் பெண்கள் கூட்டத்தோடு நின்றாள். பம்பை முழங்கியது. கற்பூரம் காட்டினார்கள். நான் தூணைப் பிடித்தபடி கொட்டகை வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அஞ்சலையின் கொண்டை அவிழ்ந்தது. அவள் அவிழ்த்தாளா, தானாக அவிழ்ந்ததா, நான் பார்க்கவில்லை. தலைமயிர் முகத்தை மூடியது. உடம்பு கிடுகிடுவென்று ஆடியது. கல்யாணம் ஆன நாளாக அவளுக்கு அருள் வந்து நான் பார்த்ததில்லை. உரக்கப் பேசவே மாட்டாள். அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"எவன்டா அவன், எம் புள்ளைய அடைச்சு வச்சிக்கினு கீறவன்!"

பூசாரி கும்பிட்டுக்கொண்டே, "யாரும்மா வந்திருக்கிறது?" என்று கேட்டார்.

"தெரியலையா உனக்கு? எம் புள்ள செத்துக்கினு இருக்கான், எனக்குப் பூசை போடறியா நீ? காப்ப அவுருடா! எல்லையத் தாண்டி இட்டுக்கினு போடா! நான் முன்னால போறேன்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நாட்டாண்மை மட்டும் அசையவில்லை. "பொண்டாட்டி புருசனுக்காக ஆடறா. சோதிச்சுப் பாக்காம எப்படி நம்பறது?" என்றார்.

வந்திருப்பது அம்மன்தானா என்று சோதிக்க எங்கள் ஊரில் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றுவார்கள். அம்மன் என்றால் கை சுடாது, உதற மாட்டாள் என்பது வழக்கம். நாட்டாண்மையே ஒரு கட்டிக் கற்பூரத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். சின்னக் கட்டி இல்லை. அவரே கொளுத்தினார்.

அஞ்சலை கையை உதறவில்லை. நெருப்பு எரிய எரிய என்னையே பார்த்தாள். "அவுருடா" என்று மட்டும் சொன்னாள். கற்பூரம் கரைந்து விரல் இடுக்கில் ஓடியது. பூசாரிக்குப் பொறுக்கவில்லை. அவர் ஓடி வந்து, அரிவாளால் என் கைக் காப்பை அறுத்துவிட்டார். வாசலில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் எழுந்து வழிவிட்டார்கள். ஏழுமலை வண்டியோடு தயாராக இருந்தான். அப்புறம்தான் அவள் கையை மூடினாள்.

அவள் உள்ளங்கை வெந்து கொப்பளித்தது. அதைக் காட்டி, "பாத்தீங்களா, சுட்டுடுச்சு, அப்ப அது ஆத்தா இல்ல, நாடகம்" என்று நாட்டாண்மை பிற்பாடு ஊரெல்லாம் பேசினார். இன்றைக்கும் அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் இது. அம்மன் தோலைக் காப்பாற்ற வரவில்லை, என்னைக் காப்பாற்ற வந்தாள். நான் கூப்பிட்டேன், வந்தாள். யார் உடம்பில் வர வேண்டும், கை வேக வேண்டுமா வேண்டாமா என்பது அவள் பாடு. ஒரு பொம்பளை கையில் நெருப்பை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தவர்களுக்கு அதைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை இருக்கிறது?

எல்லைக் கல்லைத் தாண்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. வண்டி குலுங்கின குலுக்கலில் வலி தாங்காமல் அலறினேன், அவ்வளவுதான். பெரிய ரோட்டில் ஏறினதும் மல்லாட்டை மூட்டை ஏற்றின லாரி ஒன்று வந்தது. கோட்டக்குப்பத்துப் பாய் ஒருவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஏழுமலை குறுக்கே போய் நின்றான்.

"இன்னாப்பா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதா?" என்று பாய் சத்தம் போட்டார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். இறங்கி வந்து தானே என் தோளைப் பிடித்துத் தூக்கினார். "ஜல்தி, ஜல்தி! பேஜாரான கேஸு. மூட்டை மேல வேணாம், முன்னாடி படுக்க வை" என்றார். விழுப்புரம் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, என் பெயரைக்கூடக் கேட்காமல் போய்விட்டார். அவர் கும்பிடுகிற சாமி அவரை நல்லபடியாக வைத்திருக்கட்டும். என் ஊர்க்காரன் செய்யாததை அவர் செய்தார்.

டாக்டர் நடுவயசுக்காரர். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எங்கேர்ந்து விழுந்தே?" சூடா, விரதமா, பெண்சாதியா என்று அவர் கேட்கவில்லை. மரம் என்று சொன்னேன். ரத்தம் நுனியில் நின்றதா என்றார். நின்றது என்றேன். யாராவது உருவினார்களா என்றார். உருவினார்கள் என்றேன். தண்ணீர் கொடுத்தார்களா என்றார். மோர், இளநீர், நீராகாரம் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"உங்களையெல்லாம் கட்டி வச்சு உதைக்கணும்யா" என்றார். "மூத்திரக் கொழாய் கிழிஞ்சு கெடக்கு. அடிபட்டதும் அசையாம வந்திருக்கணும். முக்கக் கூடாது, உருவக் கூடாது, வயித்தை ரொப்பக் கூடாது. இப்ப நான் கீழே இருந்து டியூப் விட்டா இன்னும் கிழியும்."

அடிவயிற்றில் சின்னதாக அறுத்து, மேல் வழியாகவே ரப்பர் குழாய் வைத்தார்கள். தேங்கினதெல்லாம் இறங்கியது. பாத்திரம் நிரம்பி, இன்னொரு பாத்திரம் கொண்டுவந்தார்கள். வயிறு அமிழ அமிழ நான் அழுதேன். வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன். நர்ஸம்மா என் தலையைத் தடவி, "அழுப்பா, இப்ப நல்லா அழு" என்றார். 'தாயே, வழி விட்டுட்டியே' என்று அம்மனைக் கும்பிட்டேன். கீழ் வழியைக் கேட்டேன், அவள் மேல் வழியைத் திறந்தாள்.

இன்னும் ஒரு பொழுது தள்ளியிருந்தால் உள்ளேயே கசிந்து சீழ் வைத்து ஆள் போயிருப்பான் என்று டாக்டர் ஏழுமலையிடம் சொன்னாராம். ரொம்ப நாள் அந்தக் குழாயோடு கிடந்தேன். கிழிந்த இடம் ஆறினபின் கம்பி விட்டு வழியைச் சரிபார்த்தார்கள். அப்புறம் ஒரு நாள் காலையில் நான் தானாக, நின்றுகொண்டு, மூத்திரம் பெய்தேன். நூல் மாதிரிதான் வந்தது. இதற்கெல்லாமா சாமிக்கு நன்றி சொல்வது என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். நிற்காமல் போகிற வரையில் எவனுக்கும் அதன் அருமை தெரியாது. தழும்பு சுருங்கி வழி குறுகும் என்பதால் இன்றைக்கும் டாக்டர் சொன்ன தேதியில் போய்க் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஊருக்குத் திரும்பினேன். ஊர் என்னை எப்படி வரவேற்றது என்று கேளுங்கள். அந்த வருஷம் வேறு ஆளைத் தபசு மரம் ஏற்றியிருந்தார்கள். மழையும் பெய்திருந்தது. நான் எல்லை தாண்டினதால் வானம் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனாலும் இனிமேல் சிங்காரத்துக்குக் காப்பு இல்லை என்று நாட்டாண்மை தீர்ப்புச் சொன்னார். காரணம் என்ன தெரியுமா? உச்சிப் பரணிலிருந்து அர்ச்சுனன் எலுமிச்சம்பழம் எறிவான். பிள்ளை இல்லாத பெண்கள் கீழே முந்தானையை ஏந்தி நிற்பார்கள். "ஆம்பிளத்தனம் போனவன் எறியற பழத்துல எந்த வயிறு தெறக்கும்?" என்று சபையில் வைத்துக் கேட்டார். சபை சிரித்தது. மூன்றாம் வருஷம் எனக்கு மகன் பிறந்தபோது ஊர் வாய் வேறு விதமாகப் பேசியது. அதை இங்கே எழுதி என் பெண்சாதியைக் கேவலப்படுத்த மாட்டேன். பேசினவர்கள் இதைப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் கோயிலை விடவில்லை. ஊரை மனசிலிருந்து விட்டேன். ஒவ்வொரு வருஷமும் காப்புக் கட்டும் அன்றைக்குப் போய் நின்று, "காப்புக் கட்டினவனுக்கு உடம்புக்கு ஆபத்துன்னா எல்லை கெடையாதுன்னு சொல்லிட்டுக் கட்டுங்க" என்று கேட்பேன். ஒவ்வொரு வருஷமும் என்னை உட்காரச் சொல்வார்கள்.

அறுபத்துநாலாம் வருஷம் ஆடி மாசம் வந்தது. நாட்டாண்மை வீராசாமி பொழுதோடு என் கொல்லைக்கு வந்தார். ஏழு வருஷத்தில் அவர் என் நிலத்தில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். நான் களை எடுப்பதை நிறுத்தவில்லை.

"சிங்காரம், ஒரு விசயம். வெளியில தெரியக் கூடாது."

"தெரியக் கூடாதுன்னா என்கிட்ட ஏன் வந்தீங்க?"

அவருடைய மகள் கன்னியம்மாவைத் தையில்தான் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். ஆடி பிறந்ததும் வழக்கப்படி பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டார். ஆடி முழுக்கப் புருஷன் முகம் பார்க்கக் கூடாது. பையனுக்குப் பொறுக்கவில்லை, திருட்டுத்தனமாக வந்திருக்கிறான். பெண்ணோடு இருக்கும்போது குறி தவறி எலும்பில் மோதி மடங்கிவிட்டது. குச்சி ஒடிகிற மாதிரிச் சத்தம் கேட்டதாம். அந்த நிமிஷமே தளர்ந்துவிட்டது. அப்புறம் வீக்கம். கத்தரிக்காய் மாதிரிக் கறுத்து, ஒரு பக்கமாகக் கோணி நிற்கிறது என்றார்.

"ஆடியில மாப்பிள்ள வந்தான்னு தெரிஞ்சா ஊரு இன்னா சொல்லும்? நாளைக்குத் தானா வடிஞ்சிடாதா? வைத்தியரக் கூப்ட்டு நேரா நிமித்தி வுடச் சொல்லலாமான்னு..." என்று இழுத்தார்.

"நிமித்திட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"தொட்டான்னா அவன் கைய ஒடிப்பேன். எழுந்திரிங்க."

நல்ல மனசோடு எழுந்தேன் என்று நினைக்காதீர்கள். எனக்குப் பரிதாபம் வரவில்லை. 'இப்போது தெரிகிறதா?' என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. ஆனால் அம்மன் என்னைக் காப்பாற்றினது இதற்காக இல்லை என்று ஒரு எண்ணம் பின்னாலேயே வந்தது. போய்ப் பார்த்தேன். பையன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நுனியில் ரத்தம் வருகிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். மூத்திரம் போகிறதா என்றேன். போனது என்றான். ஈரத்துணியை வைத்து, தளர்வாக வேட்டி கட்டி, நிமிர்த்தாமல் உருவாமல் வண்டியில் ஏற்றினேன். மாமனாரும் ஏறினார்.

விழுப்புரம் போகிற வரைக்கும் நான் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். ஏழு வருஷத்துத் திட்டு. விரதத்துக்காகத் திட்டினேன், மோருக்காகத் திட்டினேன், அஞ்சலையின் கைக்காகத் திட்டினேன், என் மகனுக்காகத் திட்டினேன். "ஊரு இன்னா சொல்லும்னு இப்பக் கேக்கறியே, அந்த ஊரே நீதானேய்யா!" என்றேன். பையன் வலியோடு நடுவில், "அண்ணே, போதும்ணே" என்றான். உனக்கு வலித்தால் நீ கத்து, இது எங்கள் வழக்கு என்றேன்.

அன்றைக்கே அறுத்து, உள்ளே கிழிந்திருந்ததைத் தைத்தார்கள். சீக்கிரம் வந்தது நல்லதாயிற்று, விட்டிருந்தால் கோணலாகவே நின்றுபோயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். பையன் தேறிவிட்டான்.

அடுத்த வைகாசியில் காப்புக் கட்டும்போது நாட்டாண்மை என் பெயரைச் சொன்னார். சபையில் யாரும் சிரிக்கவில்லை. "உடம்புக்கு ஆபத்துன்னா எல்லை கெடையாது" என்று அவர் வாயாலேயே சொன்னார். நான் கையை நீட்டினேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பூசாரியைத்தான் பார்த்தேன். கட்டைகளை இந்தத் தடவை நானே அறைந்தேன்.

தபசு அன்றைக்கு உச்சிப் பரணில் நின்றேன். கீழே ஊர் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. அர்ச்சுனன் பாட்டை எடுக்கும் முன்னால் வேறொன்று கத்தினேன். "எவனுக்காச்சும் ஆண்குறியில அடிபட்டா, ரத்தம் வந்தா, வீங்கிக் கறுத்தா, மூத்திரம் நின்னா, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கடா! காப்பு இருந்தா அறுத்துட்டு ஓடுங்க! ஆத்தா உத்தரவு குடுத்துட்டா!" கெட்ட வார்த்தை சொல்லிவிட்டான் என்று சில பேர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். அப்புறம் பாட்டைப் பாடி, பழத்தை எடுத்தேன்.

முந்தானை ஏந்தினவர்களில் கன்னியம்மாவும் நின்றாள். எந்த வயிறு திறக்கும் என்று கேட்டவரின் மகள். எறியாமல் விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மறைக்க மாட்டேன், நினைத்தேன். பிறகு அவள் முந்தானைக்குச் சரியாகப் பார்த்து எறிந்தேன். அம்மன் கொடுப்பதை நிறுத்தி வைக்க நான் யார்?

அம்மன் பிள்ளைகளே, நீங்களும் அவளை நம்புங்கள். நம்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு கிடக்காதீர்கள். விரதம் அவளுக்கு வேண்டும், உங்கள் சாவு அவளுக்கு வேண்டாம். அன்றைக்கு வண்டியில் திட்டினதோடு சரி, நாட்டாண்மை வீராசாமியோடு நான் இன்றுவரை பேசுவதில்லை. அம்மனோடு தினமும் பேசுகிறேன். இன்ன இடத்தில் வலிக்கிறது என்று பேர் சொல்லியே பேசுகிறேன், அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.